ஒரே தலை, மூன்று சீட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வேலை போய்விட்டது. வருத்தமே இல்லை என்று வீறாப்பாகச் சொல்ல ஆசைதான். ஆனால் நாலு வருஷம் ஏசி அறையில் பார்த்த வேலை. உழவர்கரையில் பஸ் ஏறினால் இருபது நிமிஷத்தில் வாசலில் இறங்கலாம். வருத்தமாகத்தான் இருக்கிறது. செய்த காரியத்துக்காக வருத்தப்படுகிறேனா என்று கேட்டால் அது வேறு பேச்சு. இன்னொரு தடவை வாய்ப்பு கிடைத்தாலும் அதையேதான் செய்வேன்.

என் பேர் செல்வாம்பாள். வயசு நாற்பத்தொன்பது. புதுச்சேரி டவுனுக்குள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா குடும்பத்தின் பழைய வீட்டை இடித்துக் கட்டிய ஸ்கேன் ஆராய்ச்சி நிலையத்தில் நான் அட்டெண்டராக இருந்தேன். வருகிறவர்களை உட்கார வைத்து, சீட்டைச் சரிபார்த்து, அவர்கள் உடம்பில் இருக்கிற உலோகத்தையெல்லாம் கழற்றி வாங்கி வைப்பது என் வேலை. அதற்கென்று ஒரு நீல பிளாஸ்டிக் தட்டு உண்டு. வாட்ச், மோதிரம், மூக்குத்தி, கொலுசு, ஹேர்பின், சாவிக்கொத்து எல்லாம் அதில் வந்து விழும். எம்.ஆர்.ஐ. மெஷின் என்றால் பெரிய காந்தம். அதற்குக் கலெக்டரும் ஒன்றுதான், கொத்தனாரும் ஒன்றுதான். யாராக இருந்தாலும் என் தட்டுக்கு முன்னால் நின்று கழற்றித்தான் ஆக வேண்டும். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

நிலையத்தின் தலைவர் டாக்டர் புருஷோத்தமன். மூளைக்குள் ஓடும் நரம்பு நார்களின் தடிமனை, மண்டையைத் திறக்காமலே ஸ்கேன் மெஷினால் அளக்கிற ஆராய்ச்சி அவருடையது. நார் தடியாக இருந்தால் சேதி வேகமாக ஓடும், மெல்லியதாக இருந்தால் மெதுவாக ஓடும் என்பார். இது பொய்யில்லை. ஆனால் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியைப் பிடித்துவிட்டார்.

அந்தக் கம்பெனியில்தான் என் மகள் துர்கா வேலை செய்கிறாள். தகடு அடிக்கிற பிரஸ்ஸில் நாலு வருஷமாக நிற்கிறாள். அச்சு கீழே இறங்கும்போது கை உள்ளே போகாமல் தடுக்க பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும், கார்டு என்பார்கள். அதை மாட்டினால் ஒரு மணி நேரத்துக்கு நூறு தகடு குறைகிறது என்று போன வருஷம் கழற்றி மூலையில் போட்டார்கள். இந்த வருஷம் தை மாசம், துர்காவுக்குப் பக்கத்து பிரஸ்ஸில் நின்ற அமிர்தவல்லிக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

கார்டைத் திருப்பி மாட்டுங்கள் என்று பெண்கள் எல்லாம் சேர்ந்து மேனேஜர் வினோத்குமாரிடம் எழுதிக் கொடுத்தார்கள். அவர் கார்டை மாட்டவில்லை. மண்டையை அளக்க ஆட்களை எங்கள் நிலையத்துக்கு அனுப்பினார். மூளை மெதுவாக வேலை செய்கிறவர்களுக்குத்தான் விபத்து நடக்கிறதாம், அவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்து பிரஸ்ஸிலிருந்து விலக்கிவிட்டால் விபத்தே இருக்காதாம். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று முதல் ஸ்கேனை அவரே எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவருடைய வாட்சை நான்தான் தட்டில் வாங்கினேன். அவருக்கு ஐந்து புள்ளி இரண்டு மைக்ரான் வந்தது. மூளைப் படத்தையும் நம்பரையும் சேர்த்து கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் அறையில் மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் கம்பெனி வேனில் ஆறு ஆறு பேராக வந்தார்கள். முதல் வேனிலேயே துர்கா இருந்தாள். அவளுடைய மூக்குத்தியையும் கொலுசையும் கழற்றி நானேதான் தட்டில் வைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் துர்கா வேலை விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ரிசல்ட்டு வந்துடுச்சிம்மா. எனக்கு ரெண்டு புள்ளி ஒண்ணு."

"அட, நல்லதுதான்டி! கெட்டி நாரு!" என்று நான் சிரித்தேன்.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். தப்பு என்மேல்தான். இந்த வேலைக்கு வருமுன், பஞ்சு மில் மூடும்வரை பன்னிரண்டு வருஷம் நான் அதன் டெஸ்டிங் ரூமில் இருந்தவள். அங்கே நூலுக்கு நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. இருபதாம் நம்பர் தடி நூல், நூறாம் நம்பர் பட்டுப்போல. சின்ன நம்பர் என்றதும் என் புத்தி மில்லுக்கு ஓடிவிட்டது. துர்கா பேப்பரை நீட்டினாள். மூன்றுக்குக் கீழே இருக்கிறவர்கள் 'மந்த நரம்பு' வகையாம். பிரஸ் வேலைக்கு லாயக்கில்லையாம். மாசக் கடைசியோடு காண்ட்ராக்ட் முடிகிறது, புதுப்பிக்கப்படாது என்று அச்சடித்திருந்தது.

"மந்தம்னு எழுதிட்டாங்கம்மா. நாலு வருஷத்துல ஒரு தகடு வீணாக்குனது இல்ல. இந்தப் பேப்பரப் பாத்துட்டு இனிமே எந்தக் கம்பெனில சேத்துக்குவான்? எனக்கே இப்ப சந்தேகமா இருக்குது. மத்தியானம் பிரஸ்ல கைய வைக்கவே பயந்தேன்."

வேலை போவதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் மகள் தன் தலையைப் பற்றித் தானே சந்தேகப்பட்டாளே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை முதல் ஆளாக நிலையத்துக்குப் போனேன். மெஷினை ஓட்டுகிற டெக்னீஷியன் செம்மல், முப்பது வயசுப் பையன், டீ குடித்துக்கொண்டிருந்தான். பேப்பரை அவன் முன்னால் போட்டேன்.

"தம்பி, எனக்குப் புரியிற மாரி சொல்லு. இந்த மெஷினு எப்பிடி நாரை அளக்குது?"

அவன் நல்ல பையன். டீயை ஓரமாக வைத்தான்.

"நார அது பாக்கவே பாக்காதுக்கா. நாருக்குள்ள இருக்கிற தண்ணியத்தான் பாக்கும். தண்ணி எந்நேரமும் அலைஞ்சிக்கிட்டே இருக்கும். நீளவாக்குல தாராளமா ஓடும். குறுக்க ஓடுனா சுவத்துல முட்டும். எவ்ளோ தூரத்துல முட்டுதுன்னு வச்சி அகலத்தக் கணக்கு போடுறாங்க."

"கணக்கு சரிதானா?"

"கணக்கு சரி. மெஷினுதான் பத்தாது. காந்தத்த ரொம்ப பலமா, ரொம்ப வேகமா மாத்தி மாத்தி குடுக்கணும். அதுக்குன்னே செஞ்ச மெஷினு உலகத்துலயே கொஞ்சந்தான் இருக்குது. அத வச்சிருக்கிறவங்ககூட ரொம்ப மெல்லிசு நார எங்களால பிரிக்க முடியலன்னு ஒளிக்காம எழுதுறாங்க. நம்மளுது சாதாரண ஆஸ்பத்திரி மெஷினு. அஞ்சாறு மைக்ரானுக்குக் கீழ எது வந்தாலும் இதுக்கு ஒண்ணுதான். மூளைல முக்காவாசி நாரு ஒரு மைக்ரான்தான்க்கா."

ஒரு மைக்ரான் என்றால் எவ்வளவு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சின் ஒற்றை இழையே பதினைந்து மைக்ரான் இருக்கும். அதை லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குக் கண்ணாடி வந்தது.

"அப்ப இந்த ரெண்டு புள்ளி ஒண்ணு எங்கேருந்து வந்துது?"

"கம்ப்யூட்டரு ஏதாவது ஒரு நம்பரக் குடுத்துத்தான ஆவணும்? தல கொஞ்சம் சாஞ்சி படுத்தா ஒரு நம்பரு, நேரா படுத்தா ஒரு நம்பரு. ரெண்டு தடவ சொன்னேன் டாக்டர்கிட்ட. உன் வேலையப் பாருன்னுட்டாரு. என்னா பண்றது, வயித்துப் பொழப்பு."

கடைசி வார்த்தையை அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. நானும்தான் ஆறு ஆறு பேராகக் கழற்ற வைத்து உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

மில்லில் கோவிந்தசாமி மேஸ்திரி என்று ஒருவர் இருந்தார். சிடுமூஞ்சி. நூற்றிருபது கஜம் நூலைச் சுற்றி எடுத்து எடை போட்டு நாங்கள் நம்பர் எழுதுவோம். சில நாள் அவர் ஒரே கோனிலிருந்து இரண்டு தடவை நூல் எடுத்து, இரண்டு சீட்டு கட்டி, வேறு வேறு நூல் என்று அனுப்பிவிடுவார். நாங்கள் எழுதிய இரண்டு நம்பரும் ஒத்துப்போனால் பேசமாட்டார். ஒத்துப்போகாவிட்டால் தராசைத் தூக்கி மேசைமேல் வைத்து எங்களை நாறடித்துவிடுவார். அன்றைக்கு அந்தத் தராசில் போட்ட நூல் அத்தனைக்கும் மறுபடி எடை. அவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். செம்மலின் எதிரே நிற்கும்போது அவர் ஞாபகம்தான் வந்தது.

அன்று சாயங்காலம் அமிர்தவல்லியை வீட்டுக்கு வரச் சொன்னேன். விரல் போன கையைத் துப்பட்டாவில் சுற்றி மறைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த ஞாயிறு அவளுடைய முறை. அதற்கடுத்த ஞாயிறு பூவிழி என்கிற இன்னொருத்தியின் முறை, அவளும் கூட வந்திருந்தாள்.

"ஒங்க ரெண்டு பேரு சீட்டுலயும் துர்கா உள்ள போவணும். சீட்டப் பாக்குறவ நான். மெஷினு ஓட்டுறவன் செம்மல், அவன்கிட்ட பேசிட்டேன், சரின்னுட்டான். டாக்டரு ஞாயித்துக்கெழம வர்றதே இல்ல."

"கண்டுபுடிச்சா?" என்றாள் துர்கா.

"கண்டுபுடிச்சா என் வேல போவும். ஒன் வேலதான் ஏற்கெனவே போயிடுச்சே."

அமிர்தவல்லி துப்பட்டாவை அவிழ்த்துக் கையை மடிமேல் வைத்தாள். "என் வேலயும் போவட்டும்க்கா. எனக்கு விரலு போனதுக்கு என் மண்டதான் காரணம்னு எழுதப் பாக்குறாங்க. நான் கடற்கரைல ஒக்காந்து சுண்டல் சாப்புட்டு வர்றேன். ஒங்க பொண்ணு எனக்காவ அந்தக் குழாக்குள்ள படுத்துட்டு வரட்டும்."

அப்படித்தான் நடந்தது. வேன் வருவதற்கு முன்பே துர்காவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். வெள்ளை அங்கி, தலைக்கு உறை, முகத்துக்கு மாஸ்க். உள்ளே அனுப்புமுன் காதில் பஞ்சை வைத்து அழுத்திவிட்டேன். நாற்பது நிமிஷம் அந்த மெஷின் கட்டடமே அதிரும்படி தடதடவென்று அடித்தது. செம்மல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அமிர்தவல்லி என்று டைப் அடித்தான். அடிக்குமுன் இரண்டு தடவை கதவைத் திரும்பிப் பார்த்தான். மறு ஞாயிறு பூவிழி என்று அடித்தபோது திரும்பிப் பார்க்கவில்லை.

ரிசல்ட் வந்தது. அமிர்தவல்லி, ஐந்து புள்ளி நான்கு. பூவிழி, மூன்று புள்ளி இரண்டு. துர்காவின் பழைய சீட்டில் இரண்டு புள்ளி ஒன்று. ஒரே தலை, மூன்று சீட்டு, மூன்று நம்பர். இந்தத் தராசை எங்கள் மேஸ்திரியிடம் கொடுத்திருந்தால் கடலில் வீசியிருப்பார்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, புதன்கிழமை காலை, நிலையத்தின் மீட்டிங் அறையில் கூட்டம். கம்பெனியின் சென்னை ஆபீசிலிருந்து ஓர் அம்மாவும் ஓர் ஐயாவும் பெரிய அதிகாரிகளாக வந்திருந்தார்கள். மற்ற தொழிற்சாலைகளிலும் இந்தச் சோதனையைக் கொண்டுவரக் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. தொழிலாளர்களும் சம்மதம் என்று காட்டுவதற்குத் துர்கா, அமிர்தவல்லி உள்பட ஆறு பெண்களைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். நான் டீ கொண்டுபோனேன்.

டாக்டர் திரையில் பெயரும் நம்பருமாக ஒரு பட்டியலைக் காட்டினார். மேலே முதல் வரியில் அமிர்தவல்லி. அதற்குக் கீழே வினோத்குமார்.

சென்னை அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அமிர்தவல்லிங்கிறது அந்த விபத்து நடந்த பொண்ணு இல்லையா? அவங்களுக்கா இவ்வளவு வேகமான நரம்பு?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் வினோத்குமார் முந்திக்கொண்டார். "அதுதான் மேடம் நானும் சொல்றேன். நரம்புல குறையே இல்ல. அப்படின்னா அது முழுக்க அவங்க அஜாக்கிரதை."

நான் டீத் தட்டை மேசையில் வைத்துவிட்டேன். நம்பர் குறைந்தால் மந்தம். நம்பர் கூடினால் அஜாக்கிரதை. எந்த நம்பர் வந்தாலும் விரல் போனதற்கு விரல்காரிதான் காரணம். மூலையில் கிடக்கிற கார்டு மட்டும் எந்தக் கணக்கிலும் வராது.

"அது அமிர்தவல்லி தல இல்ல சார்," என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். டீ கொண்டுவருகிறவள் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அது என் பொண்ணு துர்கா தல. அந்த மூணு புள்ளி ரெண்டு, பூவிழின்னு போட்டிருக்குதே, அதுவும் என் பொண்ணுதான். கீழ ரெண்டு புள்ளி ஒண்ணு, மந்தம்னு எழுதியிருக்கீங்களே, அதுவும் அவதான். மூணும் ஒரே தல. செம்மலு, படத்தப் போடுப்பா."

செம்மல் எழுந்து போய்த் திரையில் மூன்று மூளைப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டான். பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக நகர்த்தினான். மூளையின் மடிப்பும் கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் வேறு. ஒரு மடிப்பு பிசகாமல் மூன்றும் ஒன்றாகப் பொருந்தின. பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம், பார்த்தாலே தெரிந்தது. டாக்டர் இத்தனை நாளும் அந்தப் படங்களைப் பார்க்கவே இல்லை என்பதும் தெரிந்தது. அவர் பார்த்ததெல்லாம் ரிப்போர்ட்டின் கடைசிக் கட்டத்தில் இருந்த நம்பரைத்தான்.

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. "இது மோசடி! ஆராய்ச்சில ஆள் மாறாட்டம் பண்ணியிருக்கீங்க. எவ்வளவு பெரிய குத்தம்னு தெரியுமா?"

"தெரியும் சார். பொய்ச் சீட்டு குடுத்தது குத்தந்தான், எழுதிக்கங்க, கையெழுத்துப் போடுறேன். ஒங்க மெஷினு பொய்ச் சீட்டு குடுத்துதே, அத எங்க எழுதுவீங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னாலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். ஒழுங்காக இருந்த காகிதங்களைத்தான் அடுக்கினார்.

வினோத்குமார் கெட்டிக்காரர். குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டு துர்காவிடம் திரும்பினார். "துர்காம்மா, ஏதோ முதல் தடவை சரியா எடுக்கல போலருக்கு. உன்னோட உண்மையான அளவு அஞ்சு புள்ளி நாலு. தொழிற்சாலையிலேயே நீதான் முதல். உன் காண்ட்ராக்ட்டும் தொடரட்டும், அடுத்த மாசத்துலேருந்து லைன் லீடராவும் போட்டுடுவோம். மத்தவங்க விஷயத்த நாம தனியா பேசிக்கலாம்."

மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது. என் மகள் வேலை திரும்பி வந்துவிட்டது, அதற்கு மேலே ஒரு படியும் ஏறிவிட்டது. பேசாமல் டீத் தட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நான் துர்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் அமிர்தவல்லியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்து நின்றாள். "ரெண்டு புள்ளி ஒண்ணு பொய்யின்னா அஞ்சு புள்ளி நாலும் பொய்தான சார்? எனக்கு அந்த நம்பரு வேணாம். மந்தம்னு பேப்பரு வாங்குனவங்க பதினோரு பேரு இருக்குறோம். பதினோரு பேப்பரையும் திருப்பி வாங்கிக்கங்க. பிரஸ்ஸுல கார்ட மாட்டுங்க. நாங்க வேலயப் பாக்குறோம்."

"இதெல்லாம் ஏதோ ஒரு கேஸ்ல நடந்த தப்பு," என்று வினோத்குமார் சென்னைக்காரர்கள் பக்கம் திரும்பினார். "ஒண்ணை வச்சு மொத்தத்தையும் தப்புன்னு சொல்லக் கூடாது மேடம். என்னோட ரிசல்ட்டையே எடுத்துக்கங்க. என் வேலைக்கு அது எவ்வளவு பொருத்தமா..."

இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று சொன்னால் பொய். அந்த நொடியில்தான் தோன்றியது. கதவுக்கு வெளியே என் மேசை. போய் நீலத் தட்டை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"மெஷினு காலியாத்தான் இருக்குது சார். செம்மலும் இங்கதான் இருக்கான். நாப்பது நிமிஷம். இன்னொரு தடவ உள்ள போயிட்டு வாங்க. அதே அஞ்சு புள்ளி ரெண்டு வந்துதுன்னா, நான் இவங்க எல்லார் கால்லயும் விழுந்து மன்னிப்பு கேக்குறேன். என் பொண்ணும் மந்தம்னு கையெழுத்துப் போட்டுக் குடுப்பா. வாட்சக் கழட்டுங்க."

வினோத்குமார் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் காகிதத்தை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"நல்ல யோசனைதானே," என்றார் சென்னை அம்மா. "போயிட்டு வாங்க வினோத். நாங்க வெயிட் பண்றோம்."

அவர் வலது கையைத் தூக்கி இடது மணிக்கட்டின்மேல் வைத்தார். கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். வாட்சை அப்படியே மூடிப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பதினொரு மணிக்கு சேதராப்பட்டுல வேற வேலை இருக்கு மேடம்," என்றார்.

நான் தட்டை எடுக்கவில்லை. கை வலிக்க வலிக்க அவர் முன்னால் பிடித்துக்கொண்டே நின்றேன். கடைசியில் சென்னை அம்மாதான் கையெழுத்துக்கு வைத்திருந்த பைலை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். சுவரோரம் உட்கார்ந்திருந்த அமிர்தவல்லி, என்னைப் பார்த்து, இருக்கிற விரல்களால் தாளம் போட்டாள்.

சாயங்காலமே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். செம்மல் மறுநாள் தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான், இப்போது வேறோர் ஆஸ்பத்திரியில் கால் உடைந்தவர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கிறான். அது பொய் சொல்லாத மெஷின் என்று சந்தோஷப்படுகிறான். கம்பெனியிலிருந்து தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. பதினோரு பேப்பரையும் மட்டும் சத்தமில்லாமல் திருப்பி வாங்கிக்கொண்டு, பதினோரு பேரையும் வேலையில் வைத்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் துர்கா வேலை முடிந்து வந்தாள். அன்றைக்குச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, நிதானமாக வந்து சாப்பிட உட்கார்ந்தாள்.

"கார்டு மாட்டிட்டாங்கம்மா. ஆறு பிரஸ்ஸுக்கும்."

"மேனேஜரு ரூமுல அந்தக் கண்ணாடி போட்ட படம்?"

துர்கா சாதத்தைப் பிசைந்துகொண்டே சிரித்தாள்.

"வெறும் ஆணிதாம்மா இருக்குது."